ஃபர்னஸைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

"காத்து வருது, சூடு வரலை." குளிர்காலத்தில் ஆர்.வி. (வீடு போல வசதிகள் உள்ள பயண வண்டி) மெக்கானிக்கின் காதில் அதிகம் விழும் புகார் இது. தொழிலுக்குப் புதியவர் கேட்ட கையோடு, வண்டிக்குள் சூடு தரும் கேஸ் ஹீட்டரான ஃபர்னஸின் இக்னிஷன் போர்டை (தீ மூட்டுவதைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) மாற்றிவிடுவார். சில சமயம் ஓடவும் செய்யும், இரண்டு நாளைக்கு. கழற்றிப் பூட்டியதில் கனெக்டர் கொஞ்சம் அசைந்து கொடுத்ததால் வந்த ஆயுள் அது, புது போர்டால் வந்ததல்ல.

ஃபர்னஸ் எந்த வரிசையில் ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெர்மோஸ்டாட் கூப்பிட்டதும் முதலில் ப்ளோவர் சுழலும். அந்தக் காற்று செயில் சுவிட்ச் என்ற மெல்லிய தகட்டைத் தள்ளும். போதுமான காற்று அடித்தால்தான் அது சேரும். அதற்குப் பிறகுதான், சூடு மிஞ்சினால் துண்டிக்கும் லிமிட் சுவிட்ச் வழியாகப் போர்டுக்குக் கரண்ட் போகும். போர்டு சுமார் 15 நொடி பழைய வாயுவை வெளியேற்றிவிட்டு, கேஸ் வால்வைத் திறந்து தீப்பொறி கொடுக்கும். சுடர் தெரியவில்லை என்றால் வால்வை மூடிவிடும். பெரும்பாலான போர்டுகள் மூன்று முறை முயன்றுவிட்டு நின்றுவிடும்.

ஆக, ப்ளோவர் ஓடியும் தீப்பொறியின் 'டிக் டிக்' சத்தமே கேட்கவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது கேஸை அல்ல, காற்றை. காற்று குறைய மூன்று காரணம்: செயில் சுவிட்சில் தூசியும் நாய் முடியும், ஏதோ ஒரு பெட்டியை வைத்து அடைத்த காற்றுவழி, அல்லது குறைந்த வோல்ட்டேஜ். மூன்றாவதுதான் அடிக்கடி மாட்டும்.

இங்கே மீட்டர் ஏமாற்றும். ப்ளோவர் நிற்கும்போது அதன் ஒயரில் 12.6 வோல்ட் காட்டும். மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது, அதனால் துருப்பிடித்த இணைப்பும் அதற்கு நல்ல இணைப்பாகவே தெரியும். ப்ளோவர் 8 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் ஒரு எர்த் போல்ட்டில் வெறும் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அங்கேயே 1.6 வோல்ட் போய்விடும். பேட்டரியும் அரை சார்ஜில் இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 10.5 சொச்சம். சுழலும், ஆனால் தகட்டைத் தள்ளாது.

அதனால் ப்ளோவரை ஓடவிட்டே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை ப்ளோவரின் நெகட்டிவ் ஒயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் பாதையில் கோளாறு. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே. சேசிஸில் எர்த் ஒயர் பூட்டிய இடத்தைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினால் பல "போர்டு கோளாறு" அங்கேயே தீர்ந்துவிடும். உள்ளே தள்ளும் ஸ்லைடு அறை பாதியில் நிற்பது, படி மடங்காதது, வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் ஜாக் மூச்சுவாங்குவது எல்லாமே பெரும்பாலும் இதே கதைதான்.

லெட்-ஆசிட் பேட்டரியை, சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணி நேரம் விட்ட பிறகு அளக்க வேண்டும். 12.6க்கு மேல் என்றால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே அடிக்கடி போனால் ஆயுள் கரைகிறது. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. அது 13 வோல்ட்டைச் சுற்றியே நின்று கடைசியில் தடாலென்று விழும். வோல்ட்டை வைத்து அதன் சார்ஜைச் சொல்ல முடியாது, உள்ளே போய் வெளியே வரும் கரண்ட்டைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் வேண்டும். லித்தியம் போட்டவர் பழைய கன்வெர்ட்டரையே (மெயின் கரண்ட்டிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி) வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அது 13.6 வோல்ட்டில் நின்றுவிட்டால் பேட்டரி முழுசாக நிறைய வெகுநேரம் பிடிக்கும்.

மெயின் கரண்ட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. வட அமெரிக்க வண்டிகளின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட்டுக்கானது. மூன்று முள், 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என நினைத்து 240 வோல்ட் ஒயரிங் செய்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய மறுகணமே கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், டிவி எல்லாம் புகை. செருகுவதற்கு முன் அளங்கள்: லைவ்-நியூட்ரல் 120, லைவ்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் பூஜ்யத்தை ஒட்டி.

கேஸ் வேலையில் மூக்கையும் சோப்பு நுரையையும் மட்டும் நம்புவது போதாது, கேஸ் அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டர் வேண்டும். வட அமெரிக்க வண்டிகளில் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம், அதாவது 11 அங்குலம் நீரைத் தூக்கி நிறுத்தும் அளவு. பாதி உபகரணங்கள் எரியும்போது அளந்து ரெகுலேட்டரை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்த பின் 14ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். கசிவுச் சோதனையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சிலிண்டரை மூடிவிட்டு 11லேயே நிறுத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அழுத்தத்தில் ரெகுலேட்டர் மூடியிருக்கும். அதற்கு முன்னால் குழாயில் சிக்கிய உயர் அழுத்த கேஸ், சின்னக் கசிவை நிரப்பிக்கொண்டே இருக்கும், முள் அசையாது. சிலிண்டரை மூடியபின் ஒரு பர்னரை லேசாகத் திறந்து 8க்கு இறக்கினால் ரெகுலேட்டர் திறந்துகொள்ளும், சிலிண்டர் வால்வு வரை மொத்தப் பாதையும் சோதனைக்குள் வரும். 3 நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் அப்போது எடுங்கள் சோப்பு நுரையை. அமோனியாவோ குளோரினோ கலந்த சோப்பு வேண்டாம், பித்தளை இணைப்புகளை அரித்து வெடிப்பு விடச்செய்யும்.

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜுக்கு கம்ப்ரஸர் கிடையாது. சூட்டில் குமிழிட்டு ஏறும் அம்மோனியாக் கரைசல், புவியீர்ப்பால் கீழே இறங்கி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் திரும்பாது, பாய்லர் வறண்டு கொதிக்கும், துருத்தடுப்புக்குப் போட்ட சோடியம் குரோமேட் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். அடைப்பு ஒருமுறை வந்தால் கரையாது. பின்பக்கம் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் கசிந்துவிட்டது, கூலிங் யூனிட் முடிந்தது. இல்லையென்றால் கன்ட்ரோல் போர்டை ஒதுக்கிவிட்டு ஹீட்டிங் எலிமென்ட்டை நேரடியாக மெயினில் 12 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எலிமென்ட் சரியா என்பதற்குக் கணக்கு எளிது: 120 வோல்ட், 325 வாட் என்றால் சுமார் 44 ஓம் காட்ட வேண்டும். பாய்லர் கொதிக்க, ஃப்ரீசர் தகடு குளிராமலே இருந்தால் யூனிட் போயிற்று. குளிர்ந்தால் கோளாறு கன்ட்ரோலிலோ பர்னரிலோ. புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துரு பர்னரில் விழுந்து சுடரை மஞ்சளாக்கும். அதைத் துடையுங்கள். ஆனால் ஜெட்டின் துளையில் கம்பி விடாதீர்கள், துளை அகன்றுவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்துக் காயவிட்டால் போதும்.

ஃப்ரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும் என்ற வைத்தியம் இன்னும் சுற்றுகிறது. என் வாக்கு அதற்கு இல்லை.

தண்ணீர்ப் பக்கம் இரண்டு அறிகுறிகளை நினைவில் வைத்தால் போதும். வெளிக்குழாய்த் தண்ணீரை இணைத்திருக்கும்போது உள்டேங்க் தானாக நிறைந்தால் பம்ப்பின் செக் வால்வு (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) போயிருக்கிறது. பம்ப் ஓடும்போது வெளி இணைப்பு வாயில் தண்ணீர் சொட்டினால் அந்த வாயின் செக் வால்வு. வாட்டர் ஹீட்டர் டேங்க் காலியாக இருக்கும்போது எலக்ட்ரிக் சுவிட்சைத் தட்டினால் எலிமென்ட் நொடிகளில் கருகும். மாற்றுவது அரைமணி வேலை, வண்டிக்காரரிடம் விளக்குவதுதான் அதிக நேரம்.

வண்டியைக் கொல்வது எஞ்சினோ கரண்ட்டோ அல்ல, மேலே இருந்து இறங்கும் ஈரம். ஒழுகும் இடமும் நனையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. முன்மூலை விளக்கின் திருகு வழியே புகுந்த நீர், மரச்சட்டம் வழியே ஓடி, ஜன்னலுக்குக் கீழே கறையாக வரும். ஆட்கள் ஜன்னலுக்கு சீலன்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். சரியான வழி: எல்லா வென்ட்டையும் ஒட்டி அடைத்து, ஒரு கூரை வென்ட்டில் ப்ளோவரை வைத்து உள்ளே காற்றை அடைத்துவிட்டு, வெளியே சோப்புநீர் தெளிப்பது. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பிறகு ஈரமானியால் சுற்றியுள்ள மரத்தைத் தொட்டுப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அடைத்துவிட்டு மட்டும் வரக் கூடாது, திறந்து உலர்த்த வேண்டும்.

புது வென்ட் பொருத்தும்போது விளிம்புக்கடியில் பியூட்டைல் டேப் (பிசின் போல மென்மையான ஒட்டும் பட்டை). திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, டேப் நான்கு பக்கமும் சமமாகப் பிதுங்கும்வரை இறுக்குங்கள். மறுநாள் இன்னொரு சுற்று இறுக்கி, பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிட்டு, திருகுத் தலைகளும் விளிம்பும் மறைய தானாகப் பரவும் லாப் சீலன்ட். செங்குத்தான பக்கத்தில் அது வழிந்துவிடும், அங்கே வழியாத வகை வேண்டும். ரப்பர் கூரையில் பெட்ரோலிய வகை கிளீனர் பட்டால் உப்பிவிடும்.

சிலிகானை மட்டும் கூரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒட்டாமல் போவதற்காகச் சொல்லவில்லை. சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் அதற்குப் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. அடுத்து வருகிறவர் அதைச் சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சி நிற்கும், அதன்மேல் போட்ட சீலன்ட் அடுத்த கோடைக்குள் தோலாக உரிந்து வரும்.