ள போட்டால்தான் வள்ளி

என் மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற இடம் பதினோரு மாதம் காலியாகவே இருந்தது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதை மருத்துவமனையே பார்த்துக்கொண்டது. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்றார்கள். ஓராண்டு இருக்கிறதே என்று விட்டது எங்கள் தவறு. அவகாசம் கொடுத்தால் உறவுக்காரர்கள் எல்லோரும் புலவர்களாகிவிடுகிறார்கள்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறோம். ஊரில் இன்னும் 'சிலோன்காரர்கள்' என்பார்கள்; அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. நான் பிறந்தது இங்கேதான் என்றாலும் அந்தப் பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

குழந்தை ரோகிணி நட்சத்திரம். ஒ, வ, வி, வு என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்டதும் அப்பாயி, "பிறகென்ன, வள்ளிதான்" என்று முடித்துவிட்டார். அது அவருடைய பெயர். பேத்தி என்றாலே பெயர்த்திதானே என்பது அவர் வாதம். மறுத்தவள் நான். காரணம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு.

அப்பாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வீட்டில் வைத்த பெயர் வள்ளியம்மை. அதே லயத்தில் மூத்த வள்ளியம்மை ஒருவர் இருந்ததால், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குழப்பம் வேண்டாம் என்று கணக்கப்பிள்ளை இவரைச் 'சின்னவள்ளி' ஆக்கிவிட்டார். தோட்டத்தில் பேர் என்றால் நாள் கூலியும்தான்; கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். பேர் விழுந்தால் போதும், எந்தப் பேராக இருந்தால் என்ன என்று இவரும் இருந்துவிட்டார்.

மலையகத் தமிழர்கள் பற்றி இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் இவரும் ஒருவர். முறை வந்தது 1973இல். குடும்ப அட்டையில் 'சின்னவள்ளி' ஆங்கிலத்தில் தட்டச்சாகி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று கோத்தகிரி வந்து சேர்ந்தது. இங்கே ஒருவர் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ரேஷன் அட்டையில் 'சின்னவல்லி' என்று எழுதினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எல்தான். இலங்கையில் சின்ன என்பதை எஸ் போட்டு எழுதுவார்கள். இங்கே சி, எச். ஓய்வுபெற்றுப் பணம் வாங்கப் போனபோது ஒரு காகிதத்தில் எஸ், இன்னொன்றில் சி, எச். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அப்பாயி ஏழு தடவை பஸ் ஏறினார்.

இதற்கிடையில் டொரண்டோவிலிருந்து நாத்தனார் போன் செய்தார். "ழ வேண்டாம் அண்ணி, நீளமும் வேண்டாம். நாளைக்கு அவளும் இங்கே வரலாம்" என்றார். அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவர் கணவர் தன் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டார். இப்போது அலுவலகத்தில் கடிதம், அழைப்பு எல்லாம் அந்தப் பெயருக்குத்தான். புதுக்கோட்டையைக்கூடத் தாண்டாமல் கண்ணை மூடிய மனிதர், டொரண்டோவில் தினமும் கூட்டங்களுக்கு அழைக்கப்படுகிறார்.

நான் ஒரு சோதனை வைத்தேன். ஆறு பெயர்களை ஆங்கிலத்தில் துண்டுச்சீட்டுகளில் எழுதி ஜெராக்ஸ் கடைப் பெண், பஸ் கண்டக்டர், அடுத்த வீட்டுப் படுகர் அம்மா ஆகியோரிடம் கொடுத்து, தமிழில் எழுதித் தரச் சொன்னேன். நட்சத்திரமாவது ஒன்றாவது என்று யாழினியையும் சேர்த்திருந்தேன். அது யாஷினி ஆனது. வானதி ஒருவரிடம் வனத்தி. வெறும் நிலா என்று எழுதியதுகூட ஒரு சீட்டில் நீலாவாகத் திரும்பி வந்தது. வள்ளி, மூன்றில் இரண்டு சீட்டில் வல்லி. தப்பிப் பிழைத்தது மலர் மட்டும். அப்பாயி சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "என் பேருக்கு எழுத்துப் போடத் தெரியாதது அவர்கள் குறை. அதற்கு என் பேரை ஏன் கழிக்கிறாய்?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

கடைசி மாதம். இருவரின் ஆதார், பெயர் இல்லாத சான்றிதழ், இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆகியவற்றோடு குன்னூரில் உள்ள பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். பதிந்த பிறகு பெயரை மாற்ற முடியாது, எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், அதற்கும் அலைச்சல்தான் என்றார் அங்கிருந்தவர். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது வள்ளி. முந்தின இரவு பத்து மணிக்குத்தான் முடிவானது. என் கணவருக்கே காலையில்தான் சொன்னேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரே விஷயம்: சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். இனி யாரும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழை ஊகிக்க வேண்டாம். பதிவதற்கு முன் திரையைக் காட்டச் சொன்னேன். (நீங்களும் கட்டாயம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.) ஆங்கிலம் சரி. தமிழில் 'வல்லி'.

"ள சார், பள்ளிக்கூடத்து ள" என்றேன். அவர் இரண்டு முறை அழித்து அடித்தார். முதலில் 'வள்லி'. பிறகு சரியானது. அவர் விசையைத் தட்டும்வரை நான் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

டொரண்டோவில் இவளை வாலி என்பார்களோ, வேலி என்பார்களோ, அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு லயத்தில் மறுபடியும் இரண்டு வள்ளி. யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டுமே. அதனால் அப்பாயியைப் பெரிய வள்ளி என்கிறார்கள். 84 வயதில் கிடைத்த பதவி உயர்வு என்று சொல்லிச் சிரிக்கிறார்.