பதினேழு கதவுகளுக்கு யார் யாருக்கு அனுமதி?

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் நாலு மாடி. 17 கதவுகளில் கார்டு ரீடர் மாட்டினார்கள். வயர் இழுத்து, கதவுகளை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டி வைத்து, மென்பொருளையும் ஏற்றிவிட்டுப் போனவர்கள், எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்கிற மாதிரி விட்டிருந்தார்கள். யாருக்கு எந்தக் கதவு என்று பிரித்து அமைக்கும் வேலை, நிர்வாகப் பிரிவில் இருக்கிற என்னிடம் வந்தது.

முதல் நாள் ஒவ்வொரு பெயராகத் திறந்து கதவுகளை டிக் அடித்துக்கொண்டே போனேன். நாற்பதாவது பெயருக்கு வந்தபோது, பத்தாவது ஆளுக்கு என்ன கொடுத்தேன் என்பதே நினைவில் இல்லை. சரி என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு எக்செல்லில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் கதவுகள். மேலே கணக்கு, வடிவமைப்பு, ஸ்டோர்ஸ், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி என்று பிரிவுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி உண்டா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதி, பிரிவுத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். அனுமதி பிரிவுக்குத்தான், ஆளைப் பிரிவில் சேர்த்தால் போதும். சர்வர் அறை தனக்கும் வேண்டும் என்று கேட்காத ஆளே இல்லை. ரெண்டு நாள் பேசி 4 பேரில் நிறுத்தினேன்.

அமலுக்கு வந்த முதல் நாள் காலை 5.40க்கு போன். "கார்டு வெச்சா சிவப்பாவே எரியுதுங்க தம்பி" என்றார் ஹவுஸ்கீப்பிங் அக்கா. அவர்களுக்கு நான் போட்டிருந்த நேரம் காலை 6 மணி முதல். தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு, இவர்கள் ஐந்தரைக்கே வந்து விடுகிறார்கள் என்பது தெரியாது. இருட்டில், வாசலில் மூன்று பேர் வாளியோடு நின்றிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே நேரத்தை 5 மணிக்கு மாற்றினேன், அப்புறமும் திறக்கவில்லை. மாற்றியதைக் கண்ட்ரோலருக்கு அனுப்பினால்தான் கதவுக்குத் தெரியும். அந்தப் பொத்தானை அழுத்திய பிறகுதான் பச்சை எரிந்தது. அன்றிலிருந்து நேரம் போடுவதற்கு முன், அந்த வேலையைச் செய்கிறவரிடமே நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் வேறொரு குழப்பம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கார்டு வைத்தால் திரையில் கணக்குப் பிரிவுக்காரர் பெயர் வருகிறது, பணப்பெட்டி அறையும் திறக்கிறது. ரெண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த வகைக் கார்டில் '0007654321 116,52145' என்கிற மாதிரி அச்சிட்டிருக்கும். கமாவுக்கு முன்னால் இருப்பது இடக் குறியீடு, 0 முதல் 255 வரை. பின்னால் இருப்பது கார்டு எண், 65535 வரை. ரெண்டாவது கட்டாக வாங்கிய கார்டுகளில் இடக் குறியீடு வேறு, கார்டு எண் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. எங்கள் மென்பொருள் பின்பகுதியை மட்டும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. முழு எண்ணையும் பார்க்கும்படி மாற்றி, எல்லாக் கார்டுகளையும் மறுபடி பதிந்தோம். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று.

நான் மிகவும் பயந்த விஷயம் தீ. எங்கள் கதவுகளில் இருப்பவை காந்தப் பூட்டுகள். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். தீ எச்சரிக்கை அடித்தால் பூட்டுக்குப் போகிற மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும், மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. எச்சரிக்கையை அடிக்கவிட்டு ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தோம். மூன்றாம் மாடியில் ரெண்டு கதவு அசையவில்லை. அவற்றுக்குப் பேட்டரியோடு தனி பவர் சப்ளை, தீ எச்சரிக்கை இணைப்பில் அது சேரவே இல்லை. அதைச் சரி செய்து மறுபடி தள்ளிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. உங்கள் கட்டிடத்தில் இதை யாரும் செய்து பார்க்கவில்லை என்றால், தயவுசெய்து இந்த வாரமே செய்யுங்கள்.

மென்பொருளுக்குள் நுழைகிறவர்களுக்கும் அளவு வைத்தேன். வரவேற்பில் இருப்பவர் விருந்தினர் கார்டு மட்டும் கொடுக்கலாம். செக்யூரிட்டிக்காரர்கள் பதிவுகளைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. எல்லாருக்கும் தெரிந்திருந்த பழைய 'அட்மின்' கடவுச்சொல்லை அன்றே மாற்றியாயிற்று.

கடைசியாக, வருகைப் பட்டியலிலிருந்து ஏற்றிய பெயர்களைச் சரிபார்த்தேன். வேலையை விட்டுப் போன 6 பேரின் கார்டுகள் இன்னும் உயிரோடு இருந்தன. ஒருவர் போய் ஏழு மாதம். அவற்றை நிறுத்தினேன். இப்போது ஒப்பந்தத் தொழிலாளர், ஆடிட்டர் யாராக இருந்தாலும் முடிவுத் தேதி போடாமல் நான் கார்டு கொடுப்பதில்லை.