100 ரூபா துண்டும் ஒரு தகவல் விண்ணப்பமும்

பாலைப்பழக் காலத்தில் ஏ9 வீதியால் போயிருந்தால் கண்டிருப்பீர்கள். வீதியோரம் மரநிழலில் ஒரு கதிரை, ஒரு பலகை, வாளி நிறைய மஞ்சள் பழம், அளக்க ஒரு சுண்டு. எங்கள் பக்கத்து வீதியில் அப்படி ஏழு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் என் மாமி, அதாவது என் மனுசனுடைய தாய். விடிய நான்கு மணிக்கு எழும்பி, காட்டுக்குப் போய் வருபவர்களிடம் மொத்தமாக வாங்கி, வெயில் ஏற முன்னமே கொண்டுபோய் வைத்துவிடுவார்.

2024 ஆனியில், பழம் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து 100 ரூபா கேட்டிருக்கிறார். மாமி கொடுத்துவிட்டார். அடுத்த நாளும் வந்தார், அடுத்த நாளும். விற்ற நாளும் 100, மழை வந்து பழம் புளித்துக் கொட்டின நாளும் 100. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒரு பால்மா டின்னுக்குள் போடுவார். பாலைப்பழம் அளந்த கையில் அதன் பால் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், அதனால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டன. நான் ஒரு நாள் தேங்காயெண்ணெய் தொட்டு அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். பிரதேச சபையின் இறப்பர் முத்திரை, ‘நாளாந்தக் கட்டணம்’ என்று ஒரு வரி, ஒரு இலக்கம், தொகை. அவ்வளவுதான். எந்தச் சட்டத்தின் கீழ், சபை ஆக்கின எந்த உபவிதியின் கீழ் என்று ஒன்றுமே இல்லை.

எந்தச் சபை என்று எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை. வன்னியில் எந்தச் சபையை நினைத்து வாசித்தாலும் சரிதான்.

“கேக்கேலாதோ மாமி, என்னத்துக்கு எடுக்கிறியள் எண்டு?” என்றேன். “கேட்டு என்ன பிள்ளை, குடுத்துப் பழகின சனம்தானே நாங்கள்” என்றார். அதில் பொய் இல்லை. இயக்கம் இருந்த காலத்திலும் வரி கட்டினோம், வெளியே போக பாஸ் எடுத்தோம். பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம், பிறகு செட்டிகுளம் முகாமில் அட்டையைக் காட்டிச் சாப்பாடு எடுத்தோம். கேட்டதைக் கொடு, தந்த துண்டைப் பத்திரமாக வை, ஏன் என்று மட்டும் கேட்காதே. மாமியின் பால்மா டின்னில் இருந்தது அந்தப் பழக்கம்தான்.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்றால், அந்த நேரத்தில் சபை என்று ஒன்று இருக்கவே இல்லை. உள்ளூராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 உடன் முடிந்துவிட்டது, தேர்தலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வடக்கு மாகாண சபைக்கு 2018 ஒக்டோபரிலேயே காலம் முடிந்திருந்தது. ஆக, எங்கள் ஊரில் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பின ஒரு ஆள்கூட அந்த 100 ரூபாவைப் பற்றிப் பேசவில்லை, கை உயர்த்தவுமில்லை. கட்டிடத்தில் இருந்தது செயலாளரும் உத்தியோகத்தர்களும் மட்டும்.

பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பு தமிழிலேயே இருக்கிறது. இரவில் தையல் வேலை முடிந்த பிறகு போனில் அதை உருட்டிக்கொண்டு போனபோதுதான் 148ஆம் உறுப்புரை கண்ணில் பட்டது. பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தின் கீழோ, ஏற்கனவே இருக்கிற சட்டத்தின் கீழோ அல்லாமல் எந்த உள்ளூர் அதிகார சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இரண்டு தரம் வாசித்தேன். பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் உபவிதி ஆக்கலாம், ஆனால் அது அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். அப்படியானால் மாமியின் 100 ரூபாவுக்கு ஒரு வர்த்தமானி இருக்க வேண்டும். இருந்தால் காட்டட்டும், கட்டிவிட்டுப் போகிறோம்.

அதைக் காட்டும்படி கேட்கத்தான் தகவலறியும் உரிமைச் சட்டம். அது 2016இல் வந்தது, 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு அடி போட்டது 2015இல் 19ஆம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 14அ உறுப்புரை. இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும் என்று நினைக்க வேண்டாம், விண்ணப்பம் எழுத உட்கார்ந்த பிறகு படித்ததுதான்.

முதல் விண்ணப்பத்தை நான் கெடுத்துவிட்டேன். என் பேரில், “வீதியோர வியாபாரிகளிடம் ஏன் பணம் அறவிடுகிறீர்கள்?” என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். கந்தோரில் தகவல் அலுவலர் யார் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று. அங்கிருந்த ஒரு தம்பி, “படிவம் முடிஞ்சுது, அடுத்த கிழமை வாங்கோ” என்றார். படிவம் கட்டாயமில்லை, கடிதமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டும், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். “ஏன் உமக்கு இந்த விபரம்?” என்று அடுத்த கேள்வி. காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் சட்டத்தில் இருக்கிறதுதான், ஆனால் எனக்குக் குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது, “சும்மா” என்று சொல்லிவிட்டேன். சும்மாவாம்! வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிடைத்ததாக எழுதி முத்திரை குத்தின துண்டு வாங்காமல் நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை. நாட்களை எண்ணுவது அந்தத் துண்டிலிருந்துதான்.

பதில் ஒரே வரியில் வந்தது. “மேற்படி கட்டணம் சட்டரீதியாகவே அறவிடப்படுகின்றது.”

கேள்வி பிழை, அதனால் பதிலும் அப்படித்தான் வந்தது. ஏன், எதற்கு என்று கேட்டால் அவர்கள் விரும்பியதைச் சொல்லலாம். இந்தச் சட்டத்தில் விளக்கம் கேட்டுப் பிரயோசனமில்லை, தாளைக் கேட்க வேண்டும். கந்தோரில் ஏற்கனவே கிடக்கிற கோவை, தீர்மானம், பற்றுச்சீட்டுப் புத்தகம், கணக்கு. அவற்றின் பிரதியைத் தா என்றால், இருக்கிறது, இல்லை, தரமாட்டேன் என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்லலாம், மூன்றுமே எங்களுக்கு உதவும்.

இதற்கிடையில் கதை ஊருக்குள் பரவிவிட்டது. “அஸ்வெசுமப் பட்டியலிலை பேர் வெட்டுப்பட்டால் ஆர் பாக்கிறது?” என்று பக்கத்துப் பலகைக்கார அக்கா கேட்டார். அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணம். யாரும் அப்படி வெருட்டவில்லை, ஆனால் வெருட்டத் தேவையில்லாத அளவுக்கு அந்தப் பயம் எங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏழு பேரில் ஒருவரும் தங்கள் பேரில் விண்ணப்பம் கொடுக்கத் தயாரில்லை. என் பேரில் திரும்பப் போடவும் மனுசன் கொஞ்சம் தயங்கினார்.

அந்த முடிச்சை அவிழ்த்ததும் சட்டத்தின் ஒரு வரிதான். அங்கே ‘பிரசை’ என்பதற்குத் தனி ஆள் மட்டுமல்ல, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் இலங்கைப் பிரசைகளாக இருக்கிற ஒரு அமைப்பும் அடங்கும், பதிவு செய்ததோ செய்யாததோ. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளர். சங்கத்தின் கடிதத் தலைப்பில் போட்டால் தனியாக யாருடைய பேரும் முன்னுக்கு நிற்காது. மாதக் கூட்டத்தில் வைத்தோம். வழக்கமாகச் சுழற்சிக் கடனும் தேநீரும்தான் நடக்கும், அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் சண்டை மாதிரிப் போயிற்று. “வரியே வேண்டாம் எண்டு சொல்லப் போறியளோ?” என்று ஒருவர் கேட்டார். இல்லை. வீதி விளக்குப் போடட்டும், குப்பை அள்ளட்டும், வாய்க்கால் வெட்டட்டும், அதற்குச் சட்டப்படி எடுப்பதை எடுக்கட்டும், அதற்கு மேல் எங்கள் வாளிக்குள் கை போட வேண்டாம். என் நிலைப்பாடு இதுதான், இன்றைக்கும் இதுதான். கடைசியில் இருபத்தி மூன்று பேர் கூட்டக் குறிப்பில் கையெழுத்து வைத்தார்கள், மாமி பெருவிரல் அடையாளம்.

ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் இரண்டாவது விண்ணப்பம் போயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்னம்தான், உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: இந்தக் கட்டணத்துக்கான தீர்மானத்தின் பிரதி, உபவிதி வெளிவந்த வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், அந்தப் பருவத்தில் பாவித்த துண்டுப் புத்தகங்களின் இலக்கங்கள், மொத்தமாக வந்த தொகை, அது எந்தக் கணக்குத் தலைப்பில் வைப்பிலிடப்பட்டது.

14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கலண்டரில் சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் வெட்டி எண்ணினோம். பதில் இல்லை. போய்க் கேட்டால், “எல்லாரும் தேர்தல் கடமை, பிறகு வாங்கோ.” செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், உண்மைதான். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலும் வந்தது. ஒரே கோடையிலும் மாரியிலும் இரண்டு தேர்தல் நடத்த முடிந்த நாட்டில், எங்கள் சபைக்கு மட்டும் நடத்த முடியவில்லை.

பதில் வராவிட்டால் மறுத்ததாகவே எடுத்து, 14 நாளுக்குள் மேன்முறையீடு கொடுக்கலாம். அதைக் கேட்பதற்கென்று ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு அலுவலர் குறிக்கப்பட்டிருப்பார். எங்கள் இடத்தில் அது சபைச் செயலாளரேதான், அதாவது யார் அறவிட்டாரோ அவரிடமே முறைப்பாடு. சிரிப்புத்தான் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சிட்டையையும் விண்ணப்பப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்தேன். அவருக்கு மூன்று கிழமை. அதிலும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் எழுதலாம், அதற்கும் ஒரு கடிதம் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

தேவைப்படவில்லை. ஒக்டோபர் நடுவில் செயலாளர் கூப்பிட்டார், நானும் மாமியும் சங்கத் தலைவியும் போனோம். நல்ல மனிதர், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கதிரை போட்டு இருத்தி, “அம்மா, இது நான் வர முன்னமே தொடங்கினது, ஆரும் கேக்கேல்லை, அப்பிடியே போட்டுது” என்றார். ஆரும் கேக்கேல்லை. அந்த ஒரு சொல்லை நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது பக்கம் கிடைத்தது. முதல் நான்கு பக்கம் இலவசம், மிச்சம் ஐந்துக்கு இரண்டு ரூபாப்படி 10 ரூபா, அதற்கும் ரசீது எழுதித் தந்தார்கள். அந்த ரசீதில் எந்த ஒழுங்குவிதியின் கீழ் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

தாள்களில் இருந்தது இது. முன்னைய சபை நிறைவேற்றிய ஒரு தீர்மானம் உண்டு, ஆனால் அது வாரச் சந்தை வளவுக்குள் கடை போடுபவர்களுக்கு. வீதியோரம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சந்தைக் கட்டணத்தை யாரோ மெல்ல இழுத்து ஏ9 வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். அந்த வீதியோ சபையின் வீதியே இல்லை, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. வர்த்தமானி என்ற இடத்தில் ‘கோவையில் இல்லை’ என்று எழுதியிருந்தது.

அடுத்தது தொகை. பருவம் முழுக்க, சபை எல்லைக்குள் எல்லா வீதியோரமும் சேர்த்து 11,300 ரூபா. மாமியின் டின்னில் 41 துண்டு. ஏழு பேருக்கும் ஏறக்குறைய அப்படியே என்று வைத்தால் எங்கள் ஏழு பேரிடமிருந்தே 28,000 தாண்டும். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதவும் மாட்டேன். துண்டுகளின் இலக்கங்களை எழுதி, போட்டோக் கொப்பியோடு கணக்காய்வுக்கு அனுப்பினோம். ஒட்டின துண்டுகளைக் கொப்பிக் கடைத் தம்பி கண்ணாடியில் வைக்க மறுத்து, பிறகு பொலித்தீன் விரித்து அடித்துத் தந்தான்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் செலவையும் சொல்லிவிடுகிறேன், பஸ்ஸும் தபாலும் கொப்பியும் சேர்த்து 2,000 ரூபாவுக்குள். நான்கு நாள் தையல் வேலை கெட்டது. மாமியின் 4,100 ரூபா திரும்பி வரவில்லை, அதைக் கேட்க இந்தச் சட்டத்தில் வழியும் இல்லை. ஒவ்வொரு முறை கந்தோர்ப் பக்கம் போகும்போதும் மாமி அதைத்தான் முதலில் கேட்பார்.

2025 மே 6 ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. அடுத்த ஆனியில் பழம் வந்தது, மோட்டார் சைக்கிள்காரர் வரவில்லை. புது உறுப்பினர் ஒருவர் வந்தார், நாங்கள் வாக்குப் போட்ட ஆள்தான். ஒரு சுண்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, வீதியோர வியாபாரத்துக்கு உபவிதி ஒன்று கொண்டுவர யோசிக்கிறோம் என்று சொன்னாராம். “வரைவு இருக்கோ தம்பி?” என்று மாமி கேட்டிருக்கிறார். இன்னும் எழுதவில்லையாம்.

எழுதினதும் பிரதி கேட்டு விண்ணப்பம் போடுவதாகச் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். இந்த முறை எழுதப் போவது அந்தப் பக்கத்துப் பலகைக்கார அக்கா. கடிதத் தலைப்பு வேண்டாமாம், தன் பேரிலேயே போடுகிறாராம்.