பேச்சுவார்த்தை இல்லாமல் ஓர் ஆல்பம்

மனக்கசப்பு இருந்தால் கச்சேரி சோபிக்காது என்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் பெரிய மேளம் கேட்டு வளர்ந்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. முகம் கொடுத்துப் பேசாத நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் சுவாமி புறப்பாட்டில் மல்லாரியை வெளுத்துவாங்குவார்கள்; காப்பிக்கு மட்டும் ஆளுக்கொரு கடை.

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பம் அந்த ரகம். 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ஒலிப்பதிவு தொடங்கியபோது, குழுவின் ஐவரில் ஜான் மெக்வீ, கிறிஸ்டின் தம்பதியின் மணவாழ்க்கை முறிந்திருந்தது. லிண்ட்சே பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் காதலும் அப்படியே. மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் விவாகரத்து. தன்னைச் சாடி லிண்ட்சே எழுதிய பாட்டுக்கு ஸ்டீவியே உடன்குரல் கொடுத்தார். கிறிஸ்டின் புதுக் காதலரை நினைத்து எழுதியதற்கு பாஸ் கிதார் (தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் கிதார்) வாசித்தவர் ஜான்! (நம் ஊராக இருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும்.)

எனக்குப் பிடித்தது ஒலிநாடாவின் கதை. குரலும் கிதாரும் மேன்மேலும் சேர்ப்பதற்காக மூல நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் அதன் பூச்சு தேய்ந்து, டிரம்ஸின் கூர்மை மங்கிவிட்டது. நல்லவேளையாகப் பழைய நகல் ஒன்று கைவசம் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டி, வேகத்தைக் கையால் திருகித் திருகிப் பொருத்தியிருக்கிறார்கள். என்ன பொறுமை! 1977 பிப்ரவரியில் ஆல்பம் வெளிவந்தது.

ஐவர் பெயரும் சேர்ந்திருக்கும் ஒரே பாட்டு ‘தி செயின்’. பிற்பகுதியில் ஜானின் பாஸ் தனியாகப் புறப்படும் இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் அது பாதிதான் காதில் விழும்.