ஹிரோஷியின் காலணி

அலுவலகத்திலிருந்து வீடு திரும்பி நான் சாக்ஸைக் கழற்றியதும் என் ஆறு வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சோபாவின் மறுமுனைக்கு ஓடுகிறாள். சில நாட்களில் மயங்கி விழுவது போலவும் நடிக்கிறாள். இந்த நாடகத்தை அவள் ஜப்பானியக் கார்ட்டூன் சிறுவன் ஷின்சானிடம் கற்றுக்கொண்டாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தத் தொடரில் ஷின்சானின் அப்பாவுடைய சாக்ஸ் நாற்றம் ஓயாத நகைச்சுவை. பிள்ளைக்கு இதெல்லாம் ஆகுமா என்று சோதிப்பதற்காக அவளருகில் உட்கார்ந்தவன் நான். நாளடைவில் பிள்ளைகளின் குறும்பை விட்டுவிட்டு, இந்தத் தொடர்களில் வரும் அப்பா அம்மாக்களையே கவனிக்கத் தொடங்கிவிட்டேன்.

பழைய கார்ட்டூன்களில் பெற்றோருக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. 1970-இல் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடங்கி, பிறகு உலகெங்கும் சென்ற டோரேமானில் சிறுவன் நோபிதாவின் அம்மா பெரும்பாலான நேரம் ஒரு குரலாகவே இருக்கிறார்: பூஜ்ஜியம் வாங்கிய விடைத்தாள் கையில் கிடைத்ததும் உயர்கிற குரல். அந்தக் குரலுக்குரியவர் காலை முதல் மாலை வரை என்ன செய்தார், எதனால் சலித்துப்போனார் என்று கதை அதிகம் விசாரிப்பதில்லை. நம் நாட்டு சோட்டா பீமின் தோலக்பூரிலோ பெற்றோரைவிட லட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். சாகசக் கதைக்குப் பெற்றோர் ஒதுங்கி நிற்பது வசதி என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பெற்றோரின் களைப்பு கதைக்குள் வந்தது எப்போது என்று தேடினால் வேறு சில வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதல் வீடு அமெரிக்காவில் இருக்கிறது. 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'தி சிம்சன்ஸ்' முதலில் வாங்கியது வசவுதான். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர் சிம்சன் சோம்பேறி, குடிப்பவர், கோபம் வந்தால் மகன் பார்ட்டின் கழுத்தை நெரிப்பவர். 1992 ஜனவரியில் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்சன்களைப் போலல்லாமல் வால்டன்களைப் போல ஆக வேண்டும் என்று மேடையிலேயே பேசினார். வால்டன்கள் என்பவர்கள், 1930-களின் பொருளாதார மந்தத்தில் தவித்த ஒரு பாசமிக்க குடும்பத்தைக் காட்டிய பழைய தொலைக்காட்சித் தொடரின் மாந்தர்கள். அடுத்த சில நாட்களிலேயே சிம்சன்ஸில் பார்ட் பதில் சொன்னான்: நாங்களும் வால்டன்களைப் போலத்தான், இந்த மந்தநிலை முடிய வேண்டும் என்று நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்.

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருந்தது. ஹோமரின் சோம்பலைக் கண்டவர்கள் அவருடைய வேலையைக் கவனிக்கவில்லை. 1995-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கடைக்குட்டி மேகியின் படம் ஒன்றுகூட ஏன் குடும்ப ஆல்பத்தில் இல்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹோமர் ஒருமுறை அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டுத் தனக்குப் பிடித்த பௌலிங் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மூன்றாவது குழந்தை உண்டானதும் அந்தச் சம்பளம் போதாமல் பழைய முதலாளியிடமே தலைகுனிந்து திரும்ப வேண்டியதாயிற்று. 'நீ என்றென்றும் இங்கேதான், மறந்துவிடாதே' என்று பொருள்படும் பலகை ஒன்றை அந்த முதலாளி அவருடைய மேசைக்கு எதிரில் மாட்டிவைத்தார். ஹோமர் அந்தப் பலகையின் சில எழுத்துகளின் மேல் மேகியின் படங்களை ஒட்டி மறைத்துவிட்டார். எஞ்சிய எழுத்துகள் 'அவளுக்காகச் செய்' என்று படிக்கும்படி நிற்கின்றன. ஆல்பத்தில் இல்லாத படங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கழுத்தை நெரிக்கும் வழக்கத்தைப் பொறுத்தவரை, 2023-இல் ஓர் அத்தியாயத்தில் ஹோமர், காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் அதைச் செய்வதில்லை என்று புதிதாகக் குடிவந்தவரிடம் சொல்லி வைத்தார். இது அப்போதே செய்தியாகி உலகைச் சுற்றியது. அப்பா ஒருவர் பிள்ளையை அடிப்பதை விடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றால் அது கார்ட்டூனுக்கு மட்டும் உரிய தாமதமும் இல்லை.

இரண்டாவது வீடு ஷின்சானுடையது. 1992 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த இந்தத் தொடரின் அப்பா ஹிரோஷி நோஹாரா. இந்திய மொழிகளில் இவரை ஹாரி என்றும் அம்மா மிசாயேவை மிட்சி என்றும் பெயர் மாற்றியிருக்கிறார்கள். வீடு இருப்பது தோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாநிலத்தின் கசுகாபே நகரில், வேலை தோக்கியோவில். வீட்டுக்கடன் இன்னும் 32 ஆண்டு பாக்கி என்பது தொடரின் நிரந்தரச் செய்தி. நெரிசலான ரயிலில் போய்வந்து, மேலதிகாரியிடம் குனிந்து, இரவு பீர் டப்பாவோடு கால் நீட்டி உட்காரும் இந்த மனிதரின் காலிலிருந்துதான் அந்த நாற்றம் வருகிறது. மிசாயே தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறார், தான் மறைத்துவைத்த பணத்தைக் கணவர் கண்டுபிடித்துவிடாமல் காக்கிறார், மகனின் தலையில் குட்டி வீங்கவும் வைக்கிறார். குட்டுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் மாதத் தவணை பேசப்படும் கார்ட்டூன் வீடு என்ற வகையில் எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கெய்ச்சி ஹரா இயக்கி 2001-இல் வந்த ஷின்சான் திரைப்படத்தில் அந்த நாற்றத்துக்கு ஒரு பெரிய இடம் கிடைத்தது. பெரியவர்கள் எல்லோரையும் தங்கள் சிறுவயதின் வாசனையால் மயக்கி, பிள்ளைகளை மறக்கச் செய்கிறது ஒரு கூட்டம். ஹிரோஷியும் 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் நிற்கும் சிறுவனாகி, நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை மீட்க ஷின்சான் செய்வது ஒன்றுதான்: அப்பாவின் காலணியைக் கழற்றி அவர் மூக்கிலேயே வைக்கிறான். இறந்தகாலத்தின் இனிய வாசனையை நிகழ்காலத்தின் நாற்றம் வெல்கிறது. அதன்பின் வசனமின்றி, இசை மட்டும் ஒலிக்க, ஒரு வாழ்க்கை ஓடுகிறது. தன் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன பையன், தலைநகருக்கு வந்து அலுவலகத்தில் திட்டு வாங்கிய இளைஞன், பிள்ளை பிறந்த செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடியவன், வெயிலில் வியர்த்து வழிய வேலைக்கு அலைந்தவன், இரவில் வீட்டு வாசலில் பிள்ளைகள் எதிர்கொண்டு ஓடிவரக் கண்டவன். எல்லாம் முடிந்து, அப்பா, என்னைத் தெரிகிறதா என்று மகன் கேட்க, காலணியைப் பிடித்தபடி அவர் அழுகிறார். இந்த இடத்தில் நான் ஏன் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன் என்று என் மகளுக்குப் புரிந்திருக்காது.

வேலையும் வீடும் மோதுவது ஹோமருக்கும் ஹிரோஷிக்கும். 2022-இல் வந்த 'ஸ்பை எக்ஸ் ஃபேமிலி' என்ற ஜப்பானியத் தொடரின் உளவாளி லாய்டுக்கோ வீடே வேலை. ஓர் உளவுப் பணிக்காக அவர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரு சிறுமியைத் தத்தெடுத்து, ஒரு பெண்ணை ஒப்பந்த மனைவியாக்கிக் குடும்பம் அமைக்கிறார். சேர்க்கை நேர்காணலில் ஆசிரியர் ஒருவர், பழைய அம்மா பிடிக்குமா, புது அம்மா பிடிக்குமா என்று அந்தக் குழந்தையைக் கேட்டு அழவைக்கிறார். ஒத்திகை பார்த்த புன்னகையோடு உட்கார்ந்திருந்த லாய்டு மேசையில் ஓங்கிக் குத்திவிட்டு, கொசு இருந்தது என்று சமாளிக்கிறார். எல்.கே.ஜி. சேர்க்கைக்காகக் கணவனும் மனைவியுமாகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்த எவருக்கும் அந்தக் கொசுவைத் தெரியும்.

இப்போது எல்லோரும் கொண்டாடும் 'ப்ளூயி'க்கு வருகிறேன். ஜோ பிரம் உருவாக்கி, பிரிஸ்பேனின் லூடோ ஸ்டூடியோ தயாரித்து, 2018 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. கிட்ஸ் அலைவரிசையில் தொடங்கிய, ஏழு நிமிடம் ஓடும் சிறு கதைகள். பார்வையாளர்களை அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் அமெரிக்காவில் ஓடிடி தளங்களில் மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி இதுவே. 5,500 கோடி நிமிடங்களுக்கு மேல். ஹீலர் இன நாய்க் குடும்பம் ஒன்றின் கதை இது. அப்பா பேண்டிட் தொல்லியலாளர், அதாவது எலும்பு தோண்டுவதற்குச் சம்பளம் வாங்கும் நாய். அம்மா சில்லி விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். பேண்டிட் எப்போது கூப்பிட்டாலும் விளையாட வருகிறார். தரையில் புரள்கிறார், நோயாளியாகிறார், பொம்மையாகிறார். முதல் பத்து அத்தியாயங்களைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த நாய்க்குக் கடன் இல்லையா, மேலதிகாரி இல்லையா, இரவு எட்டரைக்கு அழைப்பு வருவதில்லையா என்று தோன்றியது. மரத்தூண் வராந்தாவும் பெரிய கொல்லையும் உள்ள அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதைத் தொடர் பேசுவதில்லை.

என் எரிச்சலைத் தணித்தவர் சில்லி. 'பேபி ரேஸ்' என்ற அத்தியாயத்தில் அவர், கைக்குழந்தையாக இருந்த மகள் ப்ளூயி நடக்கப் பழகிய கதையைச் சொல்கிறார். அண்டை வீட்டுக் குழந்தை ஜூடோ ஒவ்வொன்றையும் முந்திச் செய்ய, ப்ளூயி உட்கார்ந்த வாக்கில் நகர்கிறாள், பின்பக்கமாகத் தவழ்கிறாள். புத்தகங்களைப் புரட்டியும் பயனில்லாமல், தன்னிடம்தான் ஏதோ தவறு என்று முடிவு கட்டிய சில்லி, மற்ற தாய்மார்களைச் சந்திக்கப் போவதையே நிறுத்திவிடுகிறார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற பெல்லா தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீ நன்றாகத்தான் செய்கிறாய் என்கிறார். அவ்வளவுதான். அறிவுரை ஏதுமில்லை. பிறகு ஒருநாள் சமையலறையில் ப்ளூயி எழுந்து நின்று அம்மாவை நோக்கி நடக்கிறாள். இந்தக் கதை நடப்பது பிரிஸ்பேனில் என்றாலும், பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மாதத்தில் எழுந்து நின்றதைச் சொல்லிவிட்டு நம் குழந்தையைப் பார்க்கும் பார்வை எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கமானது.

இத்தனை மெனக்கெடுபவர்களுக்கும் அடி விழத்தான் செய்கிறது. பேண்டிட் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறித் தன் தொப்பையை நொந்துகொண்ட காட்சி, குழந்தைகளுக்கு உடல் பற்றிய வெட்கத்தைக் கற்றுத்தரும் என்ற எதிர்ப்பு எழுந்ததும் 2023-இல் வெட்டப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னதில் பொருளுண்டு. ஆனாலும் கண்ணாடி முன் வயிற்றை எக்கிப் பார்க்காத அப்பாவை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'ஷீப்டாக்' என்ற அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சில்லி, யாரும் தன்னிடம் வராத இருபது நிமிடம் மட்டும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அம்மாவுக்குத் தன் மேல்தான் வெறுப்போ என்று ப்ளூயி கலங்குகிறாள். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி மடித்த பாவாடையைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, "எனக்கும் இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். மிச்சத் துணியை நான் மடித்தேன். மகள் மாடிப்படியின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஆறாவது நிமிடத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, இருபது ஆயிடுச்சா?"