நாய் இருக்கும் வீட்டில் கைக்குழந்தை: அலர்ஜியை எப்படிக் கையாள்வது

கைக்குழந்தைக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகினால் வீட்டில் முதல் பழி நாய் மேல்தான். "அதக் கொண்டுபோய் மாடியில கட்டுங்கப்பா" என்று அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் நாய் மொட்டை மாடிக்குப் போய்விடும். மதுரை வெயிலுக்கு அது நாயைக் கொல்லக்கூடிய இடம். குழந்தைக்கும் அதனால் பெரிய பலன் இல்லை. நாய் உதிர்த்துவிட்டுப் போனது மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஃபேன் இறக்கையிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

உதிர்வது முடிதானே என்று நினைக்கிறோம். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் தோலிலும் சில புரதங்கள் இருக்கின்றன. அதில் முக்கியமானதற்கு கேன் எஃப் 1 என்று பெயர். எச்சில் காய்ந்தும், தோல் பொடுகாக உதிர்ந்தும், கண்ணுக்குத் தெரியாத தூளாகிக் காற்றில் மிதக்கிறது. முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். அதனால் நாய்க்கு மொட்டை அடிப்பது உதவாது. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் குட்டை முடிதானே, பரவாயில்லை என்பதும் சரியில்லை. "இது அலர்ஜி வராத ஜாதி" என்று சொல்லி ஷிட்சுவும் பூடிலும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு ஜாதி கிடையாது. ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் கேன் எஃப் 5 என்ற புரதம் மட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குப் பெண் நாயால் தொந்தரவு வராமல் இருக்கலாம். கருத்தடை செய்த ஆண் நாயிடமும் அந்தப் புரதம் குறையும்.

முதலில் பார்க்க வேண்டியது, இது நாயால் வந்ததுதானா என்பது. ஒரு வயதுக்குள் மூச்சுவழி அலர்ஜி உருவாவது அபூர்வம், உடம்பு ஒரு பொருளைப் பகையாக எடுத்துக்கொள்ளவே நாளாகும். அந்த வயதில் மூக்கு ஒழுகினால் பெரும்பாலும் வைரஸ் சளிதான், வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை வரை வருவது சகஜம். நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேரும். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை அம்மாச்சி வீட்டிலிருந்து அப்பா வீட்டுக்கு வரும். புது வீடு, புது ஆட்கள், தூக்கிக் கொஞ்சுகிற பத்துக் கைகள். அந்த வாரமே சளி பிடிக்கும். அங்கே ஒரு நாயும் இருந்தால் தீர்ப்பு எழுதியாகிவிடும்.

சளி என்றால் காய்ச்சல் இருக்கலாம், வீட்டில் இன்னும் யாருக்காவது இருமல் இருக்கும், ஏழு முதல் பத்து நாளில் தானாக இறங்கும். அலர்ஜி என்றால் காய்ச்சல் இருக்காது. தண்ணீர் மாதிரி மூக்கு ஒழுகும், அடுக்குத் தும்மல் வரும், குழந்தை கண்ணையும் மூக்கையும் தேய்த்துக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் நீளும். நாய் நக்கிய இடத்தில் சில நிமிடங்களில் தடிப்பு எழும்பினால் அது வலுவான தடயம். நாயைக் கிட்டே விடும்போதெல்லாம் கரப்பான் (தோல் வறண்டு வெடித்து அரிக்கும் எக்ஸிமா) அதிகமாவதும் கவனிக்க வேண்டியது.

நாயை ஒரு வாரம் வெளியே அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தூள் வீட்டிலேயேதான் இருக்கும். குழந்தையை நாயில்லாத வீட்டில் ரெண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். போகும்போது துணிகளைப் புதிதாகத் துவைத்து எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் நாயின் தூளும் மூட்டையோடு ஊருக்குப் போகும். அங்கே தெளிந்து, திரும்பி வந்த ஓரிரு நாளில் மறுபடி ஆரம்பித்தால் சந்தேகம் உறுதிப்படும். தேதி, மூக்கு, தோல், தூக்கம், அன்று என்ன சுத்தம் செய்தோம் என்று நாலு வரி குறித்து வைத்தால் டாக்டருக்கு அது எந்த ரிப்போர்ட்டையும்விடப் பயன்படும்.

டெஸ்ட் பற்றி ஒன்று. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ எனும் அலர்ஜி எதிர்ப்பொருளைப் பார்ப்பதும் குழந்தைகளுக்கும் செய்வதுண்டு, ஆனால் சின்ன வயதில் நெகட்டிவ் வந்தால் முழுசாக நம்ப முடியாது. பாசிட்டிவ் வந்தாலும் உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். தொந்தரவுக்கு அதுதான் காரணம் என்று ஆகாது. தோல் பரிசோதனைக்கு முன் அலர்ஜி மருந்தை டாக்டர் சொல்லும் நாட்களுக்கு, பொதுவாக ஒரு வாரம்போல, நிறுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்தத் தேவையில்லை. நூறு பொருளுக்கு மொத்தமாகப் பார்க்கும் பேக்கேஜ் பணத்துக்குக் கேடு.

நாய்தான் என்று தெரிந்தாலும், சந்தேகம் மட்டும் இருந்தாலும், பாதிப் பலன் ஒரே வேலையில் கிடைக்கும்: குழந்தை தூங்கும் அறைக்குள் நாய் வரவே கூடாது. "பகலில் வரட்டும், ராத்திரி வேண்டாம்" என்பது செல்லாது. கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். நாயைக் கொஞ்சியவர் சட்டை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குழந்தை அம்மாச்சி வீட்டிலிருந்து வருவதற்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கினால் நாய்க்கும் பழகிவிடும், அறையும் தெளிந்திருக்கும்.

தூளி கட்டுகிற வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஹாலில் உத்திரத்துக் கொக்கியில் தூளி தொங்கும். அதற்கு நேர் கீழே, ஃபேன் காற்று இறங்கும் குளிர்ந்த தரையில் நாய் படுத்திருக்கும். தூளி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீழே கிடக்கும் தூளைக் கிளப்பும். பருத்தித் துணியின் மடிப்பில் அது தங்கும், குழந்தையின் முகம் அந்த மடிப்பில்தான் பதிந்திருக்கும். தூளியை அறைக்குள் மாற்றுங்கள். பழைய சுங்குடிச் சேலை ரெண்டு மூன்று வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்கு ஒன்று என மாற்றித் துவைத்தால் நல்லது. இந்தப் புரதம் தண்ணீரில் கரையும், சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினாலே பெரும்பகுதி போய்விடும். மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியைக் கொல்லத்தான் 60 டிகிரி வெந்நீர் வேண்டும். நாய் துண்டு காயும் கொடியில் குழந்தைத் துணியைப் போடாதீர்கள்.

இலவம்பஞ்சு மெத்தையைக் கத்திரி வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், சிற்றுண்ணி குறையும். நாய்ப் புரதம் வெயிலில் அழியாது. அதனால் நாய் ஏறிப் புரண்ட மெத்தையைக் குழந்தைக்குப் போடவே வேண்டாம். மற்ற மெத்தைகளுக்கு நெருக்கமாக நெய்த துணியில் ஜிப் வைத்த உறை போதும், மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்துத் தையல்காரரிடம் அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்.

தரை விஷயத்தில் நம் வீடுகளுக்கு அதிர்ஷ்டம். டைல்ஸ், மொசைக், பழைய வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை எதுவானாலும் ஈரத் துணிக்குப் படியும். கார்ப்பெட் போட்ட அறைதான் தொல்லை. விளக்குமாறு வேண்டாம், அது தூளைக் கிளப்பி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவரும். மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும். பழைய தலையணை உறையை ஈரமாக்கி ஃபேன் இறக்கைக்குள் நுழைத்து உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும். பிறகு ஜன்னல் கம்பி, அலமாரி விளிம்பு, கடைசியில் தரை. ரெண்டு பக்கெட் வையுங்கள், ஒன்று துடைக்க, ஒன்று துணி அலச. ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைத்தால் அழுக்கை அறை முழுக்கப் பூசியதாகத்தான் ஆகும். வாசனைப் பினாயிலைக் கொட்டாதீர்கள், தவழும் குழந்தையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? ஏசி போட்டுக் கதவைச் சாத்தும் அறை என்றால் வாங்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனில் தூங்கும் வீட்டுக்கு அது வெறும் ஓசை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று சுற்ற 170 கன மீட்டர் திறன் வேண்டும். மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும், ஓசோன் வெளியிடும் மாடல் கூடாது. ஏசியில் இருக்கும் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், ஆனாலும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்.

நாயைக் குளிப்பாட்டினால் குறையுமா என்றால், குறையும், ஆனால் மூன்று நாளில் பழையபடி ஏறிவிடும். அதனால் வாரத்துக்கு ரெண்டு தடவை. குழந்தைக்குப் பால் கொடுப்பவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். முதலில் வாசலிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துச் சீவி, உதிர் முடியை எடுத்துவிடுங்கள். லாப்ரடார் அளவு நாய்க்கு மூன்று பக்கெட் தண்ணீராவது செலவாகும். நாய் ஷாம்புவை மக்கில் தண்ணீர் கலந்து ஊற்றி, அடித்தோல் வரை விரலால் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அக்குள், தொடை இடுக்கு, வாலடி மூன்றிலும் ஷாம்பு தேங்கும். தேங்கினால் அரிப்பு, அரித்தால் பொடுகு, செய்த வேலை தலைகீழாகும். போர்வெல் உப்புத் தண்ணியில் நுரை சரியாக வராது, தோலும் வறளும், குழாய்த் தண்ணி இருந்தால் கடைசி அலசலுக்காவது அதை ஊற்றுங்கள். மனிதர் சோப்பு கூடாது. தோல் வறண்டு செதில் கொட்ட ஆரம்பித்தால் ஒரு குளியலைக் குறைத்து, அதற்குப் பதில் ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். வாரம் ரெண்டு தடவை ஷாம்பு போட்டால் முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்து நிற்காது. உண்ணி வந்தால் நாய் சொறியும், பொடுகு கூடும். தெள்ளுப்பூச்சி கடித்தாலோ குழந்தை காலில் சிவப்புச் சிவப்பாகத் தடிக்கும், அதையும் அலர்ஜி என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாயில் கொடுக்கும் மாத்திரைதான் சரி: அஃபாக்சோலனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலனர் 12 வாரத்துக்கு ஒன்று. முடியில் மருந்து ஒட்டியிருக்காது, தவழும் குழந்தையின் கைக்கும் போகாது. வலிப்பு வந்த நாய் என்றால் கால்நடை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்மேல் ஊற்றுவது கிராமத்துப் பக்கம் நடக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் செய்துவிட்டு, குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறோம். அலர்ஜி உள்ள மூச்சுக்குழாய்க்குப் புகையைவிட மோசமான விருந்தாளி இல்லை. சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுபத்தி, முகப்பவுடர் நாலையும் நிறுத்திவிட்டுப் பத்து நாள் பார்த்தால், நாய்மேல் போட்ட கேஸ் சில வீடுகளில் தள்ளுபடியாகிவிடும். கொசுவுக்கு வலை போதும். கண்மாய்ப் பக்கம் வீடு என்றால் சீமைக்கருவேல் மகரந்தமும் சேரும். நடந்து வந்த நாய் முதுகில் அதைச் சுமந்து வருகிறது. வாசலிலேயே ஈரத் துணியால் முதுகையும் நாலு பாதத்தையும் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள், ஆடிக்காற்று காலத்தில் கண்டிப்பாக.

கரப்பான் உள்ள குழந்தைக்குத் தோல்தான் வாசல். வெடித்த தோல் வழியாகத்தான் பல அலர்ஜிகள் உடம்புக்குள் பழகுகின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து உடனே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். கடலைமாவும் பயத்தம்மாவும் வெடித்த தோலில் தேய்க்க வேண்டாம். அந்த உணவுக்கே அலர்ஜி உருவாக வழியாகலாம். மூக்கடைப்புக்கு 0.65% உப்பு நீர்ச் சொட்டு, பாலூட்டும் முன் ஒவ்வொரு மூக்கிலும் ரெண்டு சொட்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி சிரப் கூடாது. குளோர்பெனிரமின், ஃபெனைலெஃப்ரின் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்துவிட்டது.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை இது: குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ரெண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 அல்லது கூடுதல் என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ராஜாஜி மருத்துவமனை மாதிரி குழந்தைகள் பிரிவு உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். காரணம் நாயா சளியா என்ற ஆராய்ச்சி அப்புறம்.

இன்னும் அலர்ஜியே வராத குழந்தைக்காக நாயைத் துரத்த வேண்டியதில்லை. 2015-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தது. முதல் வயதில் நாயோடு வளர்ந்தவர்களுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா 13% குறைவாக இருந்தது. ஏற்கெனவே அலர்ஜி உள்ள குழந்தைக்கு இது பொருந்தாது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று அதைக் காட்டி விட்டுவைக்கவும் கூடாது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இழுப்பு அடங்கவில்லை, டாக்டரும் நாய்தான் என்கிறார் என்றால், நாயை வேறு வீட்டில் விடுவதுதான் சரி. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. அதற்காகத் திருமங்கலம் ரோட்டிலோ அழகர்கோவில் பக்கமோ இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சொந்தத்திலோ தெரிந்தவர்களிலோ நாயைப் பழகிய வீடாகப் பார்த்து, தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். நாய் போன அன்றே திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை எல்லாவற்றையும் துவைத்து, சுவரையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாயே இல்லாத வீட்டில் நாலைந்து மாதம் வரை குழந்தை தும்மிக்கொண்டிருக்கும்.