மூன்று மாதக் கணக்கும் வம்சக் கணக்கும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் உயிர்வேதியியலாளராகச் சேர்ந்த புதிதில், பரிசோதனைப் படிவத்தில் ‘குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை, மாரடைப்பு உண்டா’ என்ற வரி பெரும்பாலும் காலியாகவே வரும். நானும் கேட்டதில்லை, கருவி தரும் எண் போதும் என்று இருந்தேன்.

அந்த எண்ணம் முதலில் ஆட்டம் கண்டது எச்பிஏ1சி பரிசோதனையில்தான். ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் தெரியும். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவருக்கு 6.6 என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை 92-தானே இருக்கிறது என்று மருத்துவர் கேட்டபோதுதான் பழைய தாள்களைப் புரட்டினேன். அதே ஊதா மூடிக் குழாயிலிருந்து அடுத்த மேசையில் பார்த்த ஹீமோகுளோபின் 7.9, அதாவது ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும் என்று நான் படித்திருந்தேன், பார்க்கத்தான் தவறினேன். அதற்குள் அந்தப் பெண், “எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு சார்” என்று சாப்பாட்டையே பாதியாக்கியிருந்தார். இரும்பு மாத்திரைக்குப் பின் எண் 5.8-க்கு இறங்கியது, இயல்புக்குச் சற்றே மேலே. அதாவது, தாயின் நோயை அறவே ஒதுக்கிவிடவும் முடியாது. சர்க்கரைக்கென ஒற்றை மரபணு இல்லை; 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்த, வலுவானதாகக் கருதப்படும் டிசிஎஃப்7எல்2 மரபணு வேறுபாடுகூட, ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், ஆபத்தை ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூட்டுகிறது.

இதயத்தின் கதையில் வம்சம் இன்னும் பிடிவாதமானது. 46 வயதில் மாரடைப்பால் இறந்தவரின் மகன், 34 வயது, புகைப்பழக்கம் இல்லாதவர், பரிசோதனைக்கு வந்தார். கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் 108, பயப்படும்படியாக இல்லை. ஆனால் நாங்கள் ‘எல்பி லிட்டில் ஏ’ என்று அழைக்கும், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் கொழுப்புப் புரதம் 128 மில்லிகிராம் இருந்தது. 50-ஐத் தாண்டினாலே அதிகம். நார்வேயின் கோரெ பெர்க் 1963இல் கண்டறிந்த இதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆறாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. நடையும் உணவுக் கட்டுப்பாடும் அதை அசைப்பதில்லை என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலோருக்குப் போதும். அப்படிச் சொல்லியும் மூன்று மாதம் எண்ணெயைத் துறந்துவிட்டு அவர் திரும்ப வந்தார். இம்முறை 131. “அப்போ நான் பட்டினி கிடந்தது வீணா சார்?” என்றார். வீணில்லை, எல்டிஎல் 91-க்கு இறங்கியிருக்கிறது, உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று காட்டினேன்; அவர் கண் 131-ஐ விட்டு நகரவில்லை. உடன்பிறந்தவர்களையும் பார்க்கச் சொன்னோம். தங்கைக்கு 9. தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருவது அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான். அண்ணனுக்கு வந்தது தங்கைக்கு வரவில்லை. தன் தாளைப் பார்த்துச் சிரிக்கவும் கூசி, அந்தப் பெண் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த வரியை நானே கேட்டு நிரப்புகிறேன், வயதோடு சேர்த்து. ஆணுக்கு 55-க்கு முன்பும் பெண்ணுக்கு 65-க்கு முன்பும் வந்த மாரடைப்பைத்தான் மருத்துவர்கள் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். “அப்பாவுக்கு எந்த வயசுல வந்துச்சு?” என்று கேட்டால் பலரும் பதில் சொல்லுமுன் தம் வயதை ஒருமுறை எண்ணிக்கொள்கிறார்கள்.